பாலைத்திணையில் எல்இடி: ஒரு திணையியல் ஆராய்ச்சி

கையை ஆட்டினால் நிறம் மாறி, தானும் சுழல்கிற மின்விளக்குச் சிற்பம் எந்தத் திணைக்கு உரியது என்ற கேள்வியைத் தொல்காப்பியர் எழுப்பவில்லை. அவர் காலத்தில் பேட்டரி இல்லாதது காரணமாக இருக்கலாம். பின்வந்த உரையாசிரியர்களும் இவ்விடத்தில் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பொருளில் தொடங்குவோம். இத்தகைய சிற்பங்கள் நிற்கும் நிலம், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனம். 1986இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் ஒரு மர உருவத்தைக் கொளுத்தித் தொடங்கிய ‘பர்னிங் மேன்’ விழா, 1990இல் இங்கே குடிபெயர்ந்தது. நெய்தலில் பிறந்து பாலைக்கு வாழ்க்கைப்பட்ட விழா என்க. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. இங்கே திரிந்தது ஓர் ஏரி: பனியூழிக் காலத்து லஹோன்டன் ஏரி வற்றிப்போன படுகையில்தான் சுமார் 70,000 பேர் கூடாரம் அடிக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் நடப்பதால் பெரும்பொழுது வேனில். சிறுபொழுது மட்டும் இடிக்கிறது. பாலைக்குரிய நண்பகலில் எல்இடி எரிவது கண்ணுக்கே தெரியாது. இத்தகைய இடர்ப்பாடுகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது ஆய்வுலக மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு கிடையாது.

கருப்பொருளில் முதலில் வருவது புழுதி. மாவு போல நைந்த, காரத்தன்மை கொண்ட புழுதி அது. காலில் படிந்தால் தோல் வெடிக்கும். வினிகர் கலந்த நீரில் கழுவிக்கொள்கிறார்கள். மரம்: தரையில் அடித்த கான்கிரீட் கம்பி, இருட்டில் யாரும் இடறிக் கிழித்துக்கொள்ளாமல் அதன் தலையில் ஒரு டென்னிஸ் பந்து. பறை: ஜெனரேட்டர். உணவு: வழிப்பறியில் கிடைத்தது என்று பாலைக்கு இலக்கணம் சொல்வார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ‘நாளைக்குத் தந்துவிடுகிறேன்’ என்று வாங்கிய ஃபியூஸ் இதில் அடங்கும்.

உரிப்பொருளுக்கு வரும்போதுதான் இலக்கணத்தின் தீர்க்கதரிசனம் விளங்குகிறது. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இச்சிற்பத்தில் பிரியாதது எது? வயர் சால்டரைப் பிரிகிறது, கனெக்டர் கனெக்டரைப் பிரிகிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்லிப் ரிங்கில், வளையத்துக்கும் அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய பிரஷ்ஷுக்கும் நடுவே புழுதி புகுந்து இருவரையும் பிரிக்கிறது.

தலைவியின் பசலையும் இங்கு உண்டு. மீட்டருக்கு 60 எல்இடி மணி வீதம் 5 மீட்டர் நீளமுள்ள டபிள்யூஎஸ்2812 வகைச் சுருளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணியும் முழு வெண்மையில் 60 மில்லியாம்பியர் வரை குடிக்கும். 300 மணிக்கு 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 90 வாட். இவ்வளவு மின்சாரத்தையும் மெல்லிய செம்புப் பட்டையின் ஒரு முனையில் செலுத்தினால் வழியிலேயே வோல்டேஜ் கரைந்துபோகும். நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 போதும். ஆகவே கடைக்கோடியில் முதலில் நீலம் சோர்கிறது, வெள்ளை மஞ்சளாகிறது, பிறகு செம்மை பாய்கிறது. பேட்டரியைப் பிரிந்த தூரத்துக்கு ஏற்பப் பசலை ஏறுகிறது என்று சூத்திரமே செய்யலாம். மருந்து, தோழியைத் தூது விடுவதுதான்: பேட்டரியிலிருந்து மறுமுனைக்குத் தனியாக ஒரு தடித்த வயர்.

கோயில் திருவிழாவின் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைந்துவிடும். கணக்கு தெளிவாக இருந்தது. இங்கே செத்த மணிக்கு முன்னுள்ளவை ஒழுங்காக எரியும். பின்னுள்ளவற்றுக்குச் செய்தி வந்து சேராது, கடைசியாகக் கேட்ட நிறத்திலேயே உறைந்து நிற்கும், அல்லது மனம்போனபடி மினுக்கும். பார்வையாளர் இதைத்தான் மிகவும் ரசிக்கிறார்.

பிரிவை ஒளிக்காமல் முன்கூட்டியே அறிவித்தவர் சிற்பி ழான் டிங்கலி. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயந்திரச் சிற்பம் ஒன்றை 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அவர் இயக்கினார். அது சொன்னபடி முழுதாக அழியவில்லை. தீயணைப்பு வீரர் தலையிட்டு முடித்துவைக்க நேர்ந்தது. கெடுவதற்கென்றே கட்டியதும் கெட்டுப்போகும் என்பது இதனால் பெறப்படும்.

இனி ஊடாட்டம். சிற்பத்தில் தூரமளக்கும் சென்சர் ஒன்று இருக்கும். அது ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்புவதைக் கொண்டு ஆள் வந்ததை அறியும். புழுதிப்புயலில் ஒளி புழுதியில் பட்டுத் திரும்பும். அப்போது சென்சரின் கணக்கில் மிக நெருக்கமாக நின்று, மணிக்கணக்கில் நகராமல் ரசிக்கும் ஒருவர் வந்திருக்கிறார். அந்த ரசிகருக்காகச் சிற்பம் தன் உச்சபட்ச ஆட்டத்தை ஆடி, பேட்டரியைத் தீர்த்துவிடும்.

சென்சரே செத்தால்? ஒன்றும் ஆகாது. ஆளில்லாதபோது ஓடுவதற்கென்று எழுதிய நிரல் தன் போக்கில் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும். வந்தவர் கையைத் தூக்குவார், தற்செயலாகச் சிவப்பு வரும். அடுத்தவரிடம், “மெதுவா தூக்கணும், அப்பதான் அதுக்குப் புரியும்” என்று பாடம் நடத்துவார். 1948இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை விழும்படி வைத்தார். ஒரு புறா வட்டம் சுற்றியது, இன்னொன்று தலையை ஆட்டியது. தன் செய்கையால்தான் இரை வருகிறது என்பதுபோல அதையே திரும்பத் திரும்பச் செய்தன. புறாக்கள் தங்களுக்குள் விளக்கவுரை சொல்லிக்கொள்ளவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

எனவே சென்சர் வேண்டியதில்லை என்பது இவ்வாய்வின் முடிபு. ஆனால் சிற்பத்துக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் மக்கள் அதனோடு எப்படி ஊடாடுவார்கள் என்று எழுத வேண்டும். அதற்காக ஒன்றைப் பொருத்திக்கொள்க. மிச்சமுள்ள பணத்துக்கு உதிரிக் கனெக்டர் வாங்குக.

முடிபை மறுப்போர் விழாவுக்கே போய்ச் சோதிக்கலாம். போகும்போது வினிகரும், திரும்புமுன் நறுக்கிப் போட்ட கேபிள் டை நுனிகளைப் பொறுக்க ஒரு வாளியும் எடுத்துச் செல்லவும். தடயம் எதையும் விட்டுவரக் கூடாது என்பது அங்கே விதி. எல்லோரும் போனபின் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறையினர் வந்து தரையைச் சோதிக்கிறார்கள்.