நாயின் நற்சான்று செல்லாது

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். காருக்கும் வீட்டுக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதற்கு மேல் ‘அம்ப்ரெல்லா பாலிசி’யும் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். அவருக்குக் கமிஷன், எங்களுக்கு என்ன?

பதில்: கமிஷன் வாங்குகிறார் என்பதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது. கலிஃபோர்னியா சட்டம் கேட்கும் குறைந்தபட்ச கார் காப்பீடு, 2025-இல் இரட்டிப்பான பிறகும், காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர்தான். அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஓர் அறுவை சிகிச்சைக்கே அது காணாது. மிச்சத்துக்கு உங்கள் மேல் வழக்கு வரும். வீட்டிலும் இதே கதைதான். உங்கள் நாய் விருந்தாளியைக் கடித்துவிட்டால், ‘இதுவரை யாரையும் கடித்ததில்லை’ என்ற நற்சான்று அந்த மாநிலச் சட்டத்தில் எடுபடாது. கார், வீட்டு பாலிசிகளின் வரம்பு தீரும் இடத்தில்தான் அம்ப்ரெல்லா தொடங்குகிறது. பெரும்பாலும் 10 லட்சம் டாலரிலிருந்து.

‘சொத்தே இல்லையே, எதைப் பிடுங்குவார்கள்?’ என்பீர்கள். சம்பளம் இருக்கிறதே, அதில் ஒரு பங்கைக் கோர்ட் பிடிக்கலாம். ‘பெரிய பாலிசி இருப்பது தெரிந்தால் வழக்குப் போட ஆசை வராதா?’ வரலாம், ஆனால் பெரும்பாலும் வக்கீல் செலவும் கம்பெனியுடையது. முதல் அடியை மற்ற பாலிசிகள் வாங்கிக்கொள்வதால் இதன் பிரீமியம் மலிவு. அதனாலேயே அவற்றின் வரம்பை உயர்த்தச் சொல்வார்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் சொந்தக் காயத்துக்கும் தொழில் வழக்குக்கும் இது உதவாது. பக்கத்து வீட்டுக்காரரை வேண்டுமென்றே அடிப்பதானால், அது முழுக்க உங்கள் சொந்தச் செலவு!