கேள்வி போகும் வழி

எழுபதுகளின் கடைசியில், பசறை வீதியோரம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு கேள்வி எழுந்தால் அது யாரிடம் போகவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். இந்த மாதம் பேர் (வேலை நாள்) ஏன் குறைந்தது என்றால் கணக்கப்பிள்ளை. சம்பளத்தில் எதற்காகக் காசு பிடித்தார்கள் என்றால் பெரிய கிளாக்கர். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் டிஸ்பென்சரி ஐயா. கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்துவிட்டால் சங்கத் தலைவர் வீடு. இவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர். எங்கள் தலைவர் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து, குப்பி லாம்பு வெளிச்சத்தில் கடிதத்தைப் படித்துச் சொல்வார். அவரை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவரிடம் போகலாம் என்று யாரும் யோசித்து முடிவெடுத்ததில்லை. கால் தானாகப் போனது.

அந்தக் கடிதம்கூட நேரே எங்களிடம் வந்ததில்லை. லயக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பேரைப் போட்டு எழுதினால் தபால் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆளிடம் வந்து சேர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை எந்த டிவிஷனில் கேட்டாலும் சொல்வார்கள். நாமுனுகுல மலை எதிரே நிற்கும், பதுளை டவுன் பஸ் தூரத்தில் இருக்கும், பதுளை ஸ்டேஷனுக்கு 1924-லிருந்து கொழும்பு ரயில் வந்துபோகிறது. ஊருக்கு வழி இருந்தது. எங்கள் கேள்விக்கு மட்டும் ஒரே வழிதான் இருந்தது.

எங்கள் குடும்பத்தை அந்த ஒரே வழி எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதைச் சொல்ல வேண்டும். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எந்த நாடு என்று படிவம் நிரப்பவேண்டிய கட்டம் வந்தபோது எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் வெவ்வேறு டிவிஷனில் இருந்தார்கள். தாத்தாவின் படிவத்தை எழுதியவர் இங்கேயே இருந்துவிடலாம் என்ற எண்ணமுள்ளவர். சின்னத் தாத்தாவுக்கு எழுதியவர் போய்விடுவதே நல்லது என்று நம்பியவர். இரண்டு பேருமே எழுதியவரைத் தாண்டி இன்னொருவரிடம் கேட்கவில்லை. சின்னத் தாத்தா குடும்பம் நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நட்ட தேயிலைத் தோட்டத்தில், கூடலூர்ப் பக்கம் மறுபடி கொழுந்து பறித்தது. நாங்கள் இங்கே பறித்தோம்.

இணையம் பதுளைக்கு வந்தபோது இதெல்லாம் மாறிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் டவுனில் இருந்த நெட் கஃபேக்களில் மணிக்கு இவ்வளவென்று காசு கொடுத்து உட்காருவோம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் கடைக்காரர் வைத்திருந்த பக்கம் வரும், பெரும்பாலும் யாகூ. முகவரிப் பட்டையில் எதையாவது தவறாக அடித்தால் எம்.எஸ்.என். தேடலுக்குப் போய் நிற்கும். 2005 வாக்கில் அரசாங்கம் ஊர் ஊராக நெனசல என்ற கணினி, இணைய நிலையங்களைத் திறந்தது. நல்ல திட்டம் அது; 2014-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டாலர் விருது அதற்குக் கிடைத்தது. நான் போய்ப் பழகிய இடங்களில் மௌஸ் பிடிக்கவும், ஈமெயில் அனுப்பவும், தட்டெழுதவும் சொல்லித் தந்தார்கள். அடிக்கிற கேள்வி எங்கே போகிறது, அதை வேறிடத்துக்கு அனுப்பலாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது லயத்தில் காம்பராவுக்கு ஒரு போனாவது இருக்கிறது. கூரைத் தகரம் பழசு, போன் புதுசு. அக்காவின் மகள் பசறை வீதியிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வருடம் அக்கா வேலையிலிருந்து நின்றபோது ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப். பணத்தை எடுப்பது பற்றி அவள்தான் போனில் தேடினாள், தமிழில். வந்தது முழுக்க சென்னைக் குரல்கள்.

"மாமா, பன்னிரண்டு இலக்கத்துல யூ.ஏ.என். நம்பர் கேக்குது. அம்மாகிட்ட பழைய பி கார்டுதானே இருக்கு. இது நம்ம நாட்டுதா?"

நம் நாட்டுடையது இல்லை. இந்தியாவிலும் அதற்குப் பேர் ஈ.பி.எஃப்., அங்கே 1952-இன் சட்டம். இங்கே 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டம். இங்கே தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12. நிர்வாகம் தொழில் திணைக்களத்தில், பணம் மத்திய வங்கியில். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து நின்று கே படிவம் கொடுத்துக் கேட்கலாம். கூடலூரில் சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியை இதே தமிழில் அடித்தால் அவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கும். எங்களுக்கும் அவர்களுடைய பதிலே கிடைக்கிறது. 1964-இல் ஒரே குடும்பத்தை இரண்டு நாடாகப் பிரித்த கோடு, தேடலில் அழிந்துபோயிருக்கிறது. அழியவேண்டிய இடங்கள் எத்தனையோ இருக்க, ஓய்வுகாலப் பணத்தைத் தேடும் இடத்தில் அழிந்ததுதான் எனக்கு வேதனை.

இதற்குக் காரணம் தேடுபொறி மட்டும் அல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். இலங்கையில் 2012-இல் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 8 லட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம். எழுதும் கைகள் அங்கே அதிகம், அதனால் பக்கங்களும் அதிகம். இன்னொரு காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் தமிழில் தட்டெழுதியவர்கள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள், இப்போதும் எழுதுகிறார்கள். பாமினியில் திரையில் 'பதுளை' என்று தெரியும். உள்ளே இருப்பவை ஜி, ஜே, ஐ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் பதுளை என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. சுற்றறிக்கைகள், பாடசாலை அறிவித்தல்கள், சங்கங்களின் துண்டுப் பிரசுரங்கள் என்று எவ்வளவோ தமிழ் எழுத்து இப்படித் தேடலுக்கு எட்டாமல் கிடக்கிறது.

ஈ.பி.எஃப். பற்றித் தேடிய அன்று மருமகளும் நானும் அவள் போனை எடுத்து உட்கார்ந்தோம். குரோமில் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி. அதைத் தொட்டால் அமைப்புகள். அதற்குள் தேடல் இன்ஜின். தொட்டவுடன் ஒரு பட்டியல்: கூகுள், பிங், யாகூ, டக்டக்கோ என்று வரிசையாக, ஒன்றின் பக்கத்தில் மட்டும் புள்ளி. அந்தப் புள்ளியை வேறொரு பேருக்கு மாற்றினால் அன்றிலிருந்து மேலே அடிக்கிற ஒவ்வொரு கேள்வியும் அங்கே போகும். இவ்வளவுதான் வேலை. ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகளுக்குள் தேடல் என்று இருக்கும், எட்ஜில் முகவரிப் பட்டைக்கான அமைப்பில் இருக்கும். அவள் தேடுபொறி வேறு, பிரவுசர் வேறு என்பதையே அன்றுதான் பிரித்துப் பார்த்தாள். பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப இத்தன நாளா இத யாரு தெரிவு செஞ்சு வச்சது?" என்று கேட்டாள்.

அதற்கு ஒரு நீதிமன்றப் பதிலே இருக்கிறது. அமெரிக்காவில் கூகுள் மீது அரசு தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்ட் 5-இல் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் முதலிடத்தில் தானே இருப்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. அடுத்த வருடம் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர். பயனர் சில தட்டில் மாற்றிவிடக்கூடிய ஓர் இடத்துக்கு இவ்வளவு பணம் கொடுப்பது ஏன்? பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பதால்தான். அதே வழக்கில் இன்னொன்றும் தெரியவந்தது: மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில், பிங் முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதால், அங்கே நடக்கும் தேடலில் சுமார் 80 சதவீதம் பிங்கிலேயே நடந்துவந்தது. எது சிறந்தது என்பதைவிட எது முதலில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பரில் அதே நீதிபதி பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடைசெய்தார். ஆனால் முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதை முழுக்கத் தடுக்கவில்லை. ஐரோப்பாவில் 2018-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விழுந்த பிறகு, புது ஆண்ட்ராய்ட் போனில் எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. மருமகளின் போன் அப்படி எதையும் கேட்கவில்லை.

ஒருவேளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துவிடக் கூடாதென்று இன்னொன்றையும் சொன்னேன். பட்டியலில் பேர்கள் பல, பின்னால் தண்ணீர் வரும் பீலி இரண்டு மூன்றுதான். இணையத்தைத் தானே சுற்றிச் சேகரித்துப் பெரிய அளவில் அட்டவணை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். டக்டக்கோ தன் வழக்கமான முடிவுகளில் பெரும்பகுதியை பிங்கிலிருந்துதான் எடுக்கிறது. ஆனால் கேட்டவர் யார், என்ன கேட்டார் என்று பின்தொடர்ந்து வைத்துக்கொள்வதில்லை என்கிறது. நோயைப் பற்றியோ கடனைப் பற்றியோ தேடும் ஒரு பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது நன்றாகப் புரியும். ஒருவரிடம் கேட்ட கேள்வி சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவள் ஒவ்வொன்றாக மாற்றி அதே ஈ.பி.எஃப். கேள்வியை அடித்துப் பார்த்தாள். எதுவும் ஒரே அடியில் பதுளைக்குக் கொண்டுவரவில்லை. இலங்கை என்ற சொல்லைச் சேர்த்தபோது கொஞ்சம் தெளிந்தது. பிறகு கேள்விக்குப் பின்னால் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'ஜிஓவி டாட் எல்கே' என்று சேர்க்கச் சொன்னேன். இலங்கை அரச தளங்கள் மட்டும் வரும். அப்போதுதான் தொழில் திணைக்களத்தின் பக்கம் மேலே வந்தது. கடைசியில் அவள் பழைய தேடுபொறிக்கே புள்ளியைத் திருப்பி வைத்தாள், அதில் தமிழ் முடிவுகள் கூடுதலாக வருகின்றன என்று காரணம் சொல்லி. எனக்கு அதில் வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். இதுவரை அது அவளுக்கு வைக்கப்பட்டிருந்தது. இப்போது அவள் வைத்தது. மருத்துவ விஷயங்கள் தேட மட்டும் இன்னொரு பிரவுசரை இறக்கி, அதில் வேறு தேடுபொறியை வைத்திருக்கிறாள்.

செய்தி லயத்தில் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா போனைக் கொண்டுவந்து, "எனக்கும் மாத்திக் குடு புள்ள. ஆனா என்ன மாத்துறேன்னு சொல்லிச் சொல்லி மாத்து" என்றார். அதன்படியே ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டி மாற்றினாள். அந்த அக்கா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், குரலில்தான் தேடுவார். குரலில் கேட்பவருக்கு பிரவுசரில் மாற்றிய புள்ளி எப்போதும் உதவாது. போனின் குரல் உதவியாளர் தன் சொந்த வழியில் போகும். அதை எப்படிச் சீராக்குவது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாமினி விஷயத்துக்குத்தான் மருமகள் நேரம் ஒதுக்கியிருக்கிறாள். கே படிவத்துக்கு என்னென்ன வேண்டும், எங்கே கொடுக்கவேண்டும் என்பதை, பதுளை தொழில் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, யூனிகோடில் நம் பேச்சுத் தமிழுக்குக் கிட்டவாக எழுதி முடித்துவிட்டாள். பி கார்ட், செக்ரோல், தோட்டப் பேர், டிவிஷன் என்று இங்கே சொல்கிற சொற்களையே போட்டிருக்கிறாள், தேடுகிறவர் அடிக்கப்போவது அவைதான் என்பதால். அடுத்ததாக எழுதப்போவது பேர் வித்தியாசம் பற்றி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பில் இன்னொரு பேர். இந்தச் சிக்கலால் பணம் எடுக்க முடியாமல் இழுபடுகிறவர்கள் எங்கள் டிவிஷனிலேயே பலர். யாரிடம் போய், எந்தச் சத்தியக் கடதாசியோடு இதைத் திருத்துவது என்பதை, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.