கைபேசி மறுப்பாளர்: தோற்றமும் திரிபும்

கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே “எனக்கெதுக்கு இதெல்லாம்?” என்று கேட்பவர் கைபேசி மறுப்பாளர் எனப்படுவார். கைபேசியே இல்லாதவரை இவ்வினத்தில் சேர்க்கலாகாது. அவர் வெறும் கைபேசி இல்லாதவர்.

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். ஆகவே மறுப்புக்குக் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை; மாதச் சம்பளமே போதுமான காரணம். 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. மறுப்பாளர் அசரவில்லை. தெருமுனையில்தான் எஸ்.டி.டி. பூத் இருக்கிறதே என்றார்.

கருவி பெரும்பாலும் பிள்ளைகள் வழியாகவே வீட்டுக்குள் நுழைகிறது. அதே 2003இல் வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100இன் உச்சந்தலையில் டார்ச் இருந்தது. பேசுவதற்கென்று நீட்டியபோது வேண்டாமென்றவர், கரண்ட் போனால் உதவும் என்றதும் வாங்கிக்கொண்டார். டார்ச்சின் இந்தப் பங்களிப்பை அறிஞருலகம் இன்னும் உரியபடி கௌரவிக்கவில்லை.

அடுத்த கட்டத்தில் கருவிக்குப் பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் போடப்படும். பேசி முடித்ததும் அதை அணைத்து, பீரோவில் பாஸ்புக்கின் மேல் வைப்பது வழக்கம். துபாயிலிருந்து மகன் அழைத்தால் துபாய்க்கே கேட்கும்படி பேசுவது டிரங்க்கால் காலத்தின் எச்சம். மிஸ்டு காலில் இவ்வினம் காட்டிய நுட்பம் தனி ஆய்வுக்குரியது: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறியாயிற்று, இரண்டு என்றால் இறங்கியாயிற்று. இடையில் யாராவது தெரியாமல் எடுத்துவிட்டால், போன காசுக்கு அன்றிரவு வீட்டில் விசாரணை நடக்கும்.

தொடுதிரை வந்தபோது அதையும் மறுத்தார். பிறகு காலிங்பெல்லை அழுத்துவதுபோல் ஆள்காட்டி விரலால் அழுத்தப் பழகினார். 2016இல் யுபிஐ வந்தது. கீரைக்காரம்மா ஸ்கேன் அட்டையை மாட்டிய பிறகும் சில காலம் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் மறுப்பு ஓரடி பின்வாங்கி அடுத்த வசதியின் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது.

தற்போதைய நிலையில் மறுப்பாளர் விடிகாலையில் ரோஜாப்பூவுடன் காலை வணக்கத்தை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, “எந்நேரமும் போன்தானா?” என்று பேரனைக் கேட்கிறார். அப்போது அவருடைய கைபேசி சார்ஜில் இருக்கும்.