சார், ஒரே ஒரு போட்டோ

“கல்கத்தா போனியே, உன் போட்டோ ஒண்ணுகூட அனுப்பலையே?” என்று தங்கை நேற்று ஃபோனில் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவள் மேல் தப்பில்லை. அந்த ஊரில் அன்று பொழுது முழுக்க நான் போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் அடுத்தவர் ஃபோனில், அடுத்தவர் குடும்பத்தை.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் நீட்டியிருப்பீர்கள். மைசூர் அரண்மனை வாசலிலோ கன்னியாகுமரியிலோ ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்த ஆளைப் பார்த்து, “சார், ஒரே ஒரு போட்டோ” என்று சிரித்தீர்களே, அந்த ஆள் நான்தான். நானில்லையென்றால் என் வகையறா. அவர் சும்மா நிற்கவில்லை, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிவிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இல்லை, இந்தக் கட்டுரை உண்மையில் இரண்டு மாடுகளைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. இந்தியன் மியூசியத்துக்கும் விக்டோரியா மெமோரியலுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறே கிளம்ப வேண்டியதாயிற்று. அதே கணக்கைக் கல்கத்தாவில் எல்லாருமே போட்டிருந்தார்கள். காலையில் 14 டிகிரி. எனக்கு அரைக்கை ஸ்வெட்டர் தாராளம். அந்த ஊர்க்காரர்கள் குரங்குக் குல்லா, மஃப்ளர், அதன் மேல் சால்வை என்று மூக்கை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். குளிர் அவர்களுக்குப் பண்டிகை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் குளிருக்காக அவர்கள் சமைக்கிற பலகாரங்களை முன்னிட்டு.

காலைப் பலகாரம் கொராய்ஷுட்டிர் கொச்சூரி. புதுப் பச்சைப் பட்டாணியை அரைத்து, இஞ்சி, பெருங்காயத்தோடு சுருள வதக்கி, மாவுக்குள் அடைத்துப் பூரியாகப் பொரிக்கிறார்கள். பட்டாணி வருகிற மாதங்களோடு சரி. தொட்டுக்கொள்ள ஆலூர் தம், செக்கச்செவேலென்று. தெருவோரக் கடை பெஞ்சில் உட்கார்ந்து முதல் பூரியைக் கிள்ளினேன். ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. உள்ளே பட்டாணி இன்னும் பச்சையாகவே மணந்தது. “தாதா, ஏக்டு சோபி துலே தேபேன்?”

போட்டோ எடுத்துத் தர வேண்டுமாம். ஒரு பெண்ணின் ஃபோன் என் மூக்குக்கு நேரே இருந்தது. விரலெல்லாம் எண்ணெய் என்று கையை விரித்துக் காட்டினேன். யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் புரிந்துகொண்டு, கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

தனியாக வருகிறவனை இவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு வந்தவனைக் கேட்பதில்லை, அவனுக்கே ஆயிரம் வேலை. இளவட்டங்களைக் கேட்பதில்லை, ஃபோனோடு ஓடிவிடலாம். கண்ணாடி, காதோரம் நரை, படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிற முழங்கால் இருந்தால் போதும், ஆள் ஓடினாலும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சிரிக்கிறார்கள். அதை நம்பிக்கை என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

மியூசியத்துக்கு வருவோம். இதை 1814-ல் ஏசியாட்டிக் சொசைட்டி தொடங்கியது, நதானியல் வாலிச் என்ற டென்மார்க் தாவரவியலாளரின் முயற்சியில். சௌரங்கியில் இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1878-ல் திறந்தது. நடுவில் புல்வெளி, சுற்றிலும் தூண் வரிசை. உள்ளே நுழைகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கேள்விதான்: மம்மி எங்கே? எகிப்திலிருந்து வந்த மம்மி ஒன்று இங்கே உண்டு. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததும், ஆளரவம் குறைந்த பர்ஹுட் கூடத்துக்குள் நுழைந்துகொண்டேன்.

அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1873-ல் மத்திய இந்தியாவில் கண்டெடுத்த பௌத்த ஸ்தூபியின் சுற்றுவேலி அங்கே நிற்கிறது. சிவந்த மணற்கல், 2,000 வருடத்துக்கு மேலான வேலை. எந்தத் தூண் யார் கொடுத்தது என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்குமே, அந்தக் குணம் அன்றே உண்டு. ஒரு வட்டச் சிற்பத்தில் ஜேதவனத்தின் கதை. அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஒரு தோப்பை விலை பேசுகிறார். தரை முழுக்கப் பொற்காசு பரப்பினால் தருகிறேன் என்கிறான் சொந்தக்காரனான இளவரசன். பரப்புகிறார்கள், சதுரச் சதுரக் காசு. காசு வந்த வண்டி ஒரு பக்கம் நிற்கிறது. அவிழ்த்துவிட்ட மாடுகள் பக்கத்தில் படுத்திருக்கின்றன. அத்தனை தங்கத்தையும் இழுத்து வந்த மாடுகள். அவற்றின் முகத்தில் நான் கவனித்தது என்னவென்றால்,

“சார், ஒரே ஒரு போட்டோ.”

இந்த ஒரே ஒரு போட்டோ எப்படி நடக்கிறது என்று விவரமாகச் சொல்லியாக வேண்டும். முதலில் ஃபோன் கைமாறும். உறைக்குள் மடித்து வைத்த நூறு ரூபாய், விரல் நுழைக்க ஒரு வளையம், திரையில் குறுக்கே ஒரு விரிசல். “இந்த வட்டத்தை அமுக்கினா போதும்” என்று சொல்லித் தருவார்கள், 1984-ல் இந்த ஊரில் மெட்ரோ ரயில் விட்ட அன்று பெஞ்சில் தூங்கிப்போய் நான் இப்போதுதான் கண் விழித்தேன் என்பது அவர்கள் எண்ணம். அடுத்து குடும்பத்தை அடுக்குவது. தாத்தா குல்லாவைக் கழற்ற வேண்டும் என்கிறார் மகன். சளி பிடிக்கும் என்கிறாள் பாட்டி. கழற்றினால் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது, சீப்பு தேடுகிறார்கள். அதற்குள் ஒரு குழந்தை மம்மியைப் பார்க்கத் திரும்ப ஓடிவிடும். பெரிய மருமகள் நடுவில் நிற்பாள், சின்னவள் அரையடி தள்ளி ஓரத்தில். இந்தப் பக்கமிருந்து பார்க்கிற எனக்கு, யாருக்கு யாரோடு பேச்சில்லை, வீட்டுச் செலவு யார் கையில் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். வேண்டாத ஞானம்.

அமுக்குவேன். எல்லாரும் ஓடி வந்து பார்ப்பார்கள். “மாமா கண்ணை மூடிட்டார்.” மாமாவை எடுத்தால் அத்தை மூடுவாள். அது தேறியதும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. பிறகு கணவன் மனைவி மட்டும். பிறகு பேரனும் பாட்டியும் மட்டும். பிறகு அந்தச் சின்ன மருமகள், தன்னைத் தனியாக ஒன்று எடுக்கும்படி கண்ணாலேயே கேட்பாள். அதை மட்டும் நான் ஒழுங்காக எடுத்தேன். இதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிட்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகள். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, தானாகவே வரிசை. வேலிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை யாரும் படிக்கவில்லை. தங்கள் முறை எப்போது வரும் என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் அருகில் வந்து, தணிந்த குரலில், “ஒரு காப்பிக்கு எவ்வளவு?” என்றார். ஏதாவது தொகை சொல்லியிருந்தால் டிக்கெட் காசாவது தேறியிருக்கும்.

மதியம் காட்டி ரோல். நின்றுகொண்டே சாப்பிடலாம், நாலு பேர் மேஜையில் ஒற்றையாளாக உட்கார்ந்து சர்வரின் பெருமூச்சைக் கேட்க வேண்டியதில்லை. அதை முடித்து நியூ மார்க்கெட்டுக்குள், 1902-லிருந்து இருக்கும் நாஹூம்ஸ் என்ற யூத பேக்கரியில் ப்ளம் கேக் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “தனியாத்தானே வந்திருக்கீங்க? என் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர், நான் கவுண்டரை எட்டும்வரை வரவில்லை. தனியாக வந்தவனுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

விக்டோரியா மெமோரியல் இன்னொரு ரகம். 1906-ல் அடிக்கல், 1921-ல் திறப்பு, தாஜ்மகாலுக்குப் போன அதே மக்ரானா பளிங்கு, உயரம் 56 மீட்டர். குவிமாடத்தின் உச்சியில் எக்காளம் ஊதும் தேவதை, 16 அடி, காற்றடித்தால் சுழலும்படி அமைத்தது. இந்தத் தேவதையும் வர வேண்டும், கீழே நிற்கிற குடும்பத்தின் பல் வரிசையும் வர வேண்டும். ஒரு தடவை நீங்கள் முயன்று பாருங்கள். பின்னால் போனால் மனிதர்கள் எறும்பாகிறார்கள், முன்னால் வந்தால் தேவதைக்குத் தலையில்லை. கடைசியில் சரளைக்கல்லில் மண்டியிட்டேன். ஒரு பிரிட்டிஷ் மகாராணியின் மண்டபத்துக்கு முன்னால், சுதந்திர இந்தியாவில்.

அங்கேதான் கோயம்புத்தூர்க் குடும்பம் பிடித்தது. “அண்ணா, நம்மூருங்களா?” காசி, கயா முடித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன், நிறைய. முடிந்ததும் அந்த அம்மாள், “பாவமுங்க, தனியா வந்திருக்காரு. நீங்க போய் நில்லுங்க, உங்களை ஒண்ணு எடுக்கறோம்” என்றார். நெகிழ்ந்துபோய் நின்றேன், சிரிக்கக்கூடச் சிரித்தேன். எடுத்தார்கள். “சூப்பரா வந்திருக்குங்” என்று காட்டினார்கள். டாட்டா சொல்லிப் போனார்கள். எடுத்தது அவர்கள் ஃபோனில். கேட் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆக, கல்கத்தாவில் நான் இருந்ததற்கான ஒரே சாட்சி கோயம்புத்தூரில் யாரோ ஒருவரின் ஃபோனில், திரிவேணி சங்கமத்துக்கும் பேரன் மொட்டைக்கும் நடுவில் இருக்கிறது.

உள்ளே போய் வெரெஷ்சாகின் என்ற ஓவியர் வரைந்த பெரிய ஓவியத்தைப் பார்த்தேன். 1876-ல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்குள் யானை மேல் ஊர்வலமாக வருகிறார். ஒரு சுவர் அகலத்துக்குக் கூட்டம், யாரும் அவர் கையில் எதையும் கொடுத்து அமுக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் இனிப்புக் கடை. இதற்காகத்தான் குளிரில் வந்ததே. குளிர்ந்த இரவுகளில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டுகிறார்கள். வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும், அதனால் விடியுமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். அதுதான் நொலேன் குர். புகை மணம் லேசாக உண்டு, கருப்பட்டியின் முரட்டுத்தனம் கிடையாது. அதைச் சேனாவோடு, அதாவது திரித்து வடித்த பாலோடு, பிசைந்தால் சந்தேஷ். ஜொல்பொரா என்ற வகையில் நடுக்குழியில் குர் திரவமாகவே இருக்கும். சந்தன்நகர்ப் பக்கம் ஒரு ஜமீன் வீட்டில், புது மாப்பிள்ளை கடித்ததும் சட்டையில் ஒழுகட்டும் என்றே இதைச் செய்யச் சொன்னார்கள் என்று கதை. பெண் வீட்டாரின் ரசனை.

ஒன்றை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே நுங்கு வடிவம், அச்சின் கோடுகள் அப்படியே விழுந்திருந்தன, ஓரத்தில் விரல் பட்ட இடம் மட்டும் மினுங்கியது. வாயருகே கொண்டு போகையில் ஒரு பையன் வந்து நின்றான். போட்டோ இல்லையாம், வீடியோவாம். அவன் ஜொல்பொராவைக் கடிப்பான், குர் வழியும், அந்த நொடியை நான் பிடிக்க வேண்டும். “எனக்கு ஸ்மார்ட் ஃபோன் உபயோகிக்கத் தெரியாது தம்பி” என்று இந்தியில் அடித்துவிட்டேன். துணிந்து சொன்ன பொய், நன்றாகவே வந்தது. பையனுக்கு என் மேல் இரக்கம் பிறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான், ஸ்லோ மோஷன் உட்பட. பிறகு எழுந்து விளக்கடியில் நின்று கடித்தான். வழியவில்லை. இன்னொன்று வாங்கிக் கடித்தான். வழிந்தது, நான் பட்டனை அமுக்கவில்லை என்றான். மூன்றாவதும் வாங்கினான். எனக்கென்று ஒன்று வாங்கினானா என்று மட்டும் கேட்காதீர்கள்.