சகலையின் அகலப்பாதை

என் சகலை கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறார் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. ஓட்டுகிறவர்களுக்காகப் பெட்டி, என்ஜின், பிளாட்பாரம், சிக்னல் எல்லாம் செய்து சும்மா கொடுக்கிற ரகம் அவர். பகலில் வங்கியில் கேஷியர். ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை.

2001-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு ட்ரெய்ன் சிமுலேட்டரை வெளியிட்டது. அதில் இங்கிலாந்து இருந்தது, ஆஸ்திரியா இருந்தது, ஜப்பான் இருந்தது; விழுப்புரம் இல்லை. "அஞ்சு பக்கம் லைன் போற ஜங்ஷன் சகலை! அதைப் போய் விட்டுட்டானே" என்று மனசு ஆறாமல் கிடந்தவர், பிற்பாடு அதே ரயில்களை ஓட்டுகிற ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள் வந்ததும், நாமே கட்டிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம். 50 கிலோமீட்டர் சொச்சம். பல வருஷமாயிற்று, பரிக்கல் வரை வந்திருக்கிறார்.

இந்தத் தொழிலில் முதல் பாடம் பெயின்ட் அடிப்பது. யாரோ செய்த பெட்டிக்கு நாம் நிறம் மாற்றலாம். ஆனால் செய்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். எல்லாமே இலவசமாகக் கிடைக்கிற அந்த உலகத்தில், கேட்காமல் எடுப்பதுதான் கொலைக்குற்றம். அடுத்த பாடம் பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் சொந்தமாகப் பெட்டி கட்டுவது. கட்டிய பெட்டியை அட்டைப்பெட்டி பிரிக்கிற மாதிரி பிரித்து, தட்டையாக விரித்து, அதன்மேல் துருவும் வெற்றிலைக் கறையும் ஒட்ட வேண்டும். இதில் சகலை கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனம்தான் சிக்கலும். கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பொருளும் முக்கோணங்களால் ஆனது. வளைவு கூடக் கூட முக்கோணமும் கூடும். இவர் கழிவறைக்குள் இருக்கிற குழாயை அத்தனை வழவழப்பாகச் செய்தார். முழுப் பெட்டியைவிட அந்தக் குழாய்க்கு முக்கோணம் அதிகம். 18 பெட்டியைக் கோத்ததும் வண்டி கட்டை வண்டியாகிவிட்டது. கழிவறைக் கதவோ திறக்கவே திறக்காது.

"நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா சொட்டுது, அதைப் பார்க்க ஆளைக் காணோம்" என்றார் என் மனைவியின் அக்கா, என்னிடம்.

பிறகு வந்தது அகலப் பிரச்சினை. சிமுலேட்டரோடு வந்த தண்டவாளம் 1435 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676. கழித்தால் 241, பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர். ஆசையாகச் செய்த பெட்டியின் சக்கரமெல்லாம் தண்டவாளத்துக்கு வெளியே, ஜல்லிக்கு மேலே அந்தரத்தில் தொங்கின. ஆனாலும் வண்டி ஓடியது. மென்பொருளுக்கு நடுக்கோடுதான் கணக்கு, சக்கரம் எங்கே நிற்கிறது என்று அது குனிந்து பார்ப்பதில்லை.

"ஓடுது இல்ல சகலை, விடுங்க" என்றேன்.

"வேட்டி இல்லாமக்கூடத்தான் நடக்கலாம்" என்றார்.

நேர் துண்டு, வளைவுத் துண்டு, பாயின்ட் என்று ஒவ்வொன்றாக அகலம் கூட்டி மறுபடி செய்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நிலம் மட்டும் அமெரிக்காக்காரன் உபயம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி, ரேடார் வைத்து எடுத்த மேடுபள்ளக் கணக்கு யாருக்கும் இலவசம். ரேடாருக்கு மரத்தின் உச்சியும் மேடுதான் என்பதால், தட்டையான விழுப்புரம் அலை அலையாக வந்து நின்றது. தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தார்.

என்ஜினுக்கு டபிள்யூ.டி.எம்.3ஏ, ஆல்கோ ஜாதி டீசல். 3100 குதிரைத்திறனையும் எழுதிவைக்கிற கோப்பில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அத்தனை குதிரையும் படுத்துவிடும். அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். சத்தம்தான் கிடைக்கவில்லை. ஒரு விடியற்காலையில் யார்டு மதிலோரம், டீக்கடை பக்கத்தில், போனை நீட்டிப் பிடித்து எட்டு விநாடி பதிவு செய்தார். அருமையான ஐடிலிங். நடுவில் ஒரு குரல்: "ரெண்டு டீ, ஒண்ணு சக்கர கம்மி." சிமுலேட்டரில் என்ஜின் சத்தம் சுற்றிச் சுற்றி வருவது. ஆகவே எட்டு விநாடிக்கு ஒருமுறை என்ஜின் டீ கேட்டது. வெட்டினால் சத்தம் உடைகிறது. ஆல்கோக்களையோ ஒவ்வொன்றாக ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே வெளியிட்டார்.

பைசா கொடுக்காமல் வாங்கிக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? திருவெண்ணெய்நல்லூர் ரோடு பலகையில் மஞ்சள் வெளிறிவிட்டது என்றார் ஒருவர். வேப்பமரம் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கேட்டது: "டீ சத்தம் கேக்குது, கடையைக் காணோமே?" சகலைக்கு இது நியாயமாகப் பட்டது. கடை கட்டினார். பாய்லருக்கு எத்தனை முக்கோணம் என்று நான் கேட்கவில்லை.

அந்த வேப்பமரத்தை அளக்க அவர் டேப்போடு போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலீஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். எதற்கு அளக்கிறாய், எவ்வளவு கிடைக்கும் என்று விசாரணை. "ஒண்ணும் கிடைக்காது சார், சும்மா குடுக்கறதுக்கு" என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் சந்தேகம் வலுத்து, பையைக் கொட்டச் சொன்னாராம்.

போன மாசம் இரண்டு குடும்பமும் விருத்தாசலம் கோயிலுக்குக் கிளம்பினோம். விழுப்புரத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, யார்டில் ஒரு கிழட்டு டீசல் நின்று உறுமிக்கொண்டிருந்தது. சகலையின் சின்னப் பெண் அதையே கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்டாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இந்த என்ஜின் ரிப்பேராப்பா? டீயே கேக்க மாட்டேங்குது."