போர்மேன் மருமகனுக்கு

வாங்க மருமகனே, திண்ணையில உக்காருங்க. சட்டைப்பையில மூணு பேனாவைப் பாத்ததுமே நெனச்சேன், பட்டாசாபீஸ்ல போர்மேன் ஆயிட்டீகன்னு. வந்த பத்தே நாள்ல நாப்பது பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் குடுத்து முடிச்சிட்டீகளாமே! ரிஜிஸ்டரைப் பாத்தேன். நாப்பது கையெழுத்தும் ஒரே மை, ஒரே சாய்வு. கைநாட்டு வைக்கிற கீழத்தெரு மதினிகூட இங்கிலீசுல போட்டிருக்கா. இத்தனை வருசமா படிப்பை மறைச்சு வச்சிருந்திருக்கா, கள்ளி!

மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு பேனரும் லட்டும் பிரமாதம். நம்ம சிவகாசி அச்சுல்ல, பளபளன்னு இருந்துச்சு.

மருந்து செலுத்துற ரூமுல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீக. அதைச் சொல்ல உள்ள போன நீங்க அஞ்சாவது ஆளு. இரும்பு ஆகாதுன்னீக, இடுப்புச் சாவிக்கொத்து ஜல்ஜல்னு தாளம் போட்டுச்சு. வாசல்ல செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பு மின்சாரத்தை இறக்கிட்டு வரணும்னீக. நீங்க மட்டும் தொடலை. அதுவுஞ்சரிதான், போர்மேனை மின்சாரம் என்ன செஞ்சிரும்?

எங்க காலத்துப் போர்மேன் பயிற்சின்னு வாயைத் தெறந்ததே இல்லை. காலையில செருப்பைக் கழட்டுவார், தகட்டைத் தொடுவார், அம்புட்டுத்தான். பின்னாடி வர்ற நாங்களும் தொடுவோம். புதுப் பையன் வந்தா மூணு நாளைக்கு சல்லடைப் பக்கமே விடமாட்டார். காயிதக் கொழாயை அடுக்கச் சொல்லிட்டு, அவன் கை போற வேகத்தைப் பாப்பார். உருப்படிக் கூலிக்காரன் விறுவிறுன்னு செஞ்சா மத்த போர்மேனெல்லாம் முதுகுல தட்டிக் குடுப்பான். இவரு வெளிய கூப்பிட்டு, வெத்தலை குடுத்து, வேப்பமரத்தடியில அரைமணி நேரம் உக்கார வச்சிருவார். கூலி போச்சேன்னு எத்தனை நாள் வஞ்சிருக்கேன்! சாயங்காலம் ரூம் ரூமா வந்து ஒரே கேள்வி: "மிஞ்சின மருந்து எங்கடா?" அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டா, ராத்திரி யாரும் தொடாமலே சூடேறும்ல.

ஒருநாள் அவரு கல்யாணத்துக்குப் போனாரு. பதிலுக்கு வந்தவரு உங்களை மாதிரி, கையில ரிஜிஸ்டர். "மிச்சத்தை மூடி வைங்கப்பா, காலையில பாத்துக்கலாம்"னாரு. காலையில பாத்தோம். இந்தா, இந்த ரெண்டு விரலும் அன்னைக்கு லீவு போட்டதுதான், இன்னும் வேலைக்குத் திரும்பலை.

2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி பட்டாசாபீஸ் வெடிச்சப்போ முப்பது பேருக்கு மேல செத்தாக. காப்பாத்த ஓடுனவுகளும் வேடிக்கை பாக்கப் போனவுகளும் அதுல உண்டு. ரூமுக்குள்ள இருக்கிறவன் எந்தப் பக்கம் ஓடணும், வெளிய இருக்கிறவன் எம்புட்டுத் தூரத்துல நிக்கணும்னு உங்க ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எனக்குக் கண்ணு மங்கல், தேடிப் பாத்தேன், தட்டுப்படலை.

அட, மூஞ்சி ஏன் சுண்டிப்போச்சு? காப்பியைக் குடிங்க. நாளைக்கு எனக்காக அந்த மதினிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தீப்பிடிச்சா எந்த வாசல் வழியா ஓடுவ?" "அதான் கையெழுத்துப் போட்டாச்சே"ன்னு சொன்னாள்னா, லட்டு மிச்சமிருந்தா எனக்கு ரெண்டு குடுத்துவிடுங்க.

போறப்போ அந்தச் சாவிக்கொத்தை இங்கனயே வச்சிட்டுப் போங்க. அத்தை பத்திரமாப் பாத்துக்கிருவா.