மேற்பூச்சு ஏந்தும் நிலப்பரப்பு: பனானா பார் குறித்த ஓர் ஆய்வு

பனானா பார் என்பது நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்த மாவை அகன்ற தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஓவனில் வேகவைத்து, ஆறிய பிறகு அதன் தலைமேல் வெண்ணெய், கிரீம் சீஸ், பொடித்த சர்க்கரை மூன்றையும் குழைத்த ஃப்ராஸ்டிங்கைப் பூசி, சதுரம் சதுரமாக வெட்டியெடுக்கும் அமெரிக்கப் பலகாரம். இதற்கு மூத்தது பனானா பிரெட். அது ஆழமான நீள்டின்னில் வெந்து, உச்சியில் ஒரு வெடிப்போடும் வெறும் தலையோடும் மேசைக்கு வரும். இரண்டுக்கும் மாவு ஏறக்குறைய ஒன்றே. அங்ஙனமாயின் மூத்தது இருக்க இளையது தோன்றக் காரணம் என்ன என்பதே ஆய்வுக்குரிய வினா. பழம் வீணாகாமல் இருக்கவே தோன்றியது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது, அந்த வேலைக்கு மூத்ததே போதும். மேற்பூச்சுக்கு இடம் பற்றாமையால்தான் நிமிர்ந்து நின்ற ரொட்டி படுத்துப் பரந்தது என்பதே இங்கு நிறுவப்படும் துணிபு.

முதலில் இது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட் இல்லாமல் சோடாவால் பொங்கும் ரொட்டிகளை அமெரிக்கர் ‘குவிக் பிரெட்’ என்ற தனி வகுப்பில் வைக்கின்றனர். அந்தச் சலுகையை எல்லா நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை. அயர்லாந்தின் 1972ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டப்படி, சர்க்கரை மாவின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டினால் ரொட்டிக்குரிய வரிவிலக்கு கிடைக்காது. சப்வே கடைகளின் சாண்ட்விச் ரொட்டியில் 10 விழுக்காடு இருந்ததால், அது அச்சட்டத்தின் கண்ணில் ரொட்டியே அல்ல என்று 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பனானா பாரின் வழக்கமான செய்முறையில் 250 கிராம் மாவுக்கு 300 கிராம் சர்க்கரை. அதாவது 120 விழுக்காடு; சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவைப்போல் 60 மடங்கு. மேற்பூச்சின் சர்க்கரை இக்கணக்கில் சேரவில்லை.

அஃதேல் கேக் எனலாமோ எனின், அதற்கும் ஒரு நீதிமன்ற அளவுகோல் உண்டு. 1991இல் பிரிட்டனில் ஜாஃபா கேக் என்னும் தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்ற வரி வழக்கு எழுந்தபோது, பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமுக்கும் என்பதும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜாஃபா கேக் இறுகியது, வழக்கில் வென்றது. பனானா பாரோ பழத்தின் ஈரத்தால் முதல் இரண்டு நாளில் இறுகாமல் மேலும் இளகுகிறது. அளவுகோலை அப்படியே பிடித்தால் இதைப் பிஸ்கட் என்றுதான் சொல்ல வேண்டிவரும். எனினும் பழசாகும்வரை மாதிரி மிஞ்சினால்தானே சோதனையை முறையாகச் செய்து முடிக்க இயலும்?

பழத்தின் வரலாறு கப்பலில் தொடங்குகிறது. 1870இல் லொரன்சோ டோ பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து வாழைத்தார்களை ஏற்றிவந்து ஜெர்சி சிட்டியில் விற்று லாபம் கண்டார். அவர் பங்குகொண்ட பாஸ்டன் வணிகமும் மத்திய அமெரிக்காவில் ரயில்பாதை போட்ட மைனர் கீத்தின் வணிகமும் இணைந்து 1899இல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஆயின. வாழை விளையாத நாட்டில் வாழைப்பழம் மலிவான பழமானது இவ்வாறுதான். சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கச் சமையலறைக்கு வந்துவிட்டன. பழமும் இருந்தது, சோடாவும் இருந்தது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேரப் பொருளாதாரப் பெருமந்தம் வர வேண்டியிருந்தது. கறுத்த பழத்தைக் குப்பையில் போட மனம் வராத 1930களில்தான் பனானா பிரெட் சமையல் நூல்களில் வரிசையாக இடம்பிடித்தது. பில்ஸ்பரி மாவு நிறுவனம் 1933இல் வெளியிட்ட நூலிலும் அது உண்டு.

மூலபாட ஆய்வாளர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. 1933இல் அமெரிக்கக் கடைகளில் தொங்கியது குரோ மிஷேல் என்னும் வாழை. பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாக அதை அழிக்கவே, 1960களுக்குள் அதன் இடத்தைக் கேவண்டிஷ் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகைக் கண்ணாடிக்கூடத்தில் 1830களில் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்து, தம் எசமானரான டெவன்ஷயர் கோமகனின் குடும்பப் பெயரை இட்ட வாழை அது. தமிழ்நாட்டுச் சந்தையில் மோரிஸ் என்றும் பச்சைப்பழம் என்றும் விற்பவையும் அந்தக் குடும்பத்தவையே. ஆகவே பாட்டி காலத்துச் செய்முறை என்று பெருமை பேசும் அமெரிக்க வீடுகளில் செய்முறை பாட்டியுடையது, பழம் அவருடையதன்று.

எந்தப் பதத்துப் பழம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. காயாக இருக்கையில் வாழையின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். எத்திலீன் வாயு பழுக்கத் தூண்டியதும் நொதிகள் அதை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. தோல் முழுக்கக் கரும்புள்ளி விழும் நேரத்தில் மாவுச்சத்து ஓரிரு விழுக்காடுதான் மிஞ்சும். மணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். விருந்தாளிக்குக் கொடுக்கக் கூச்சப்படும் பழமே இதற்கு உத்தமம் என்பது பொது விதி. இந்த விதியால் ஒரு நடைமுறை இடர்ப்பாடு உண்டு: பார் செய்ய நினைக்கும் நாளில் வீட்டுப் பழம் மஞ்சளாக இருக்கும், பழம் கறுக்கும் நாளில் செய்ய ஆசை போயிருக்கும். இவ்விரண்டையும் ஒரே நாளில் கூட்டுவிப்பதற்கென்றே உறைபெட்டி பயன்படுகிறது. பழம் அங்கே தோல் கறுத்துக் கரிக்கட்டையாகும். ஆனால் உள்ளே பனிப்படிகங்கள் திசுச்சுவரை உடைத்துவிடுவதால், எடுத்து உருகவைத்ததும் மசிக்கும் வேலைகூட இல்லாமல் கூழாகக் கொட்டும். வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது என்று 1944 முதல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் சிக்கீட்டா விளம்பரப் பாட்டு அமெரிக்கருக்குப் போதித்தது. பாடியது பழத்தை அழகாக விற்க வேண்டிய கம்பெனி என்பதை மறந்துவிடலாகாது.

மாவு கலக்கும் முறையில் புதுமை ஏதுமில்லை. 113 கிராம் வெண்ணெயைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முட்டை இரண்டு, ஒரு கப் சவர் கிரீம், இரண்டு பழத்தின் மசியல், கொஞ்சம் வெனிலா சேர்த்து, கடைசியில் மைதா, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, உப்பு. சவர் கிரீமின் புளிப்பும் பழத்தின் மென்புளிப்பும் சோடாவைச் சீண்ட, கரியமில வாயு எழும். மைதாவைக் கொட்டிய பிறகு கரண்டியை அதிகம் சுழற்றக் கூடாது. சுழற்றினால் பசைத்தன்மை கூடி, பார் மிருதுவாக இராமல் இழுவையாகும்.

இனித் தட்டு. இந்தத் துறையின் மையப் பொருள் இதுவே. மாவைப் பற்றி எழுதியவர்கள் தட்டைக் கடந்துசென்றதால்தான் இத்தனை காலம் உண்மை வெளிவரவில்லை. பனானா பிரெட் வேகும் டின் 9 அங்குல நீளம், 5 அங்குல அகலம். மேற்பரப்பு 45 சதுர அங்குலம். பார் வேகும் தட்டு 15க்கு 10. மேற்பரப்பு 150 சதுர அங்குலம். மாவு கூடவில்லை, நிலம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. சீக்கிரம் வேகட்டும் என்றே இப்படிப் பரப்பினர் என்பார் உளர். டின்னில் ஒரு மணி நேரம் ஆகும் வேலை தட்டில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 177 செல்சியஸில், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிவது மெய்தான். ஆனால் அப்படி மிச்சமான நேரம் எங்கே போனது? வெந்த தட்டு ஆறும்வரை காத்திருப்பதில் போனது. வெண்ணெய் உடற்சூட்டுக்கும் கீழேயே உருகிவிடும். சூடான தட்டில் பூசிய மேற்பூச்சு ஓரங்களுக்கு ஓடிக் குட்டையாகும். காத்திருக்கும் கட்டாயத்தை உண்டாக்கியது மேற்பூச்சு. ஆகவே அவசரம் காரணமன்று.

மெய்க் காரணத்தை எடைகளே பேசும். வழக்கமான மேற்பூச்சுக்கு 227 கிராம் கிரீம் சீஸ், 113 கிராம் வெண்ணெய், 360 கிராம் பொடித்த சர்க்கரை. மொத்தம் 700 கிராம். இதை 150 சதுர அங்குலத்தில் பரப்பினால் சுமார் 7 மில்லிமீட்டர் கனத்தில் பாந்தமாக உட்காரும். இதையே 45 சதுர அங்குலத்தில் ஏற்றினால் கிட்டத்தட்ட ஓர் அங்குல உயரத்துக்கு நிற்க வேண்டும். அதுவும் நடுவில் புடைத்து வெடித்த ரொட்டியின் முதுகில். நிற்காது, சரியும். எனவே 700 கிராம் பூச்சை விட்டுக்கொடுக்க மனமில்லாதவருக்கு இருந்த ஒரே வழி, ரொட்டியைத் தட்டையாக்குவதுதான்.

அதே தராசில் பழத்தையும் வைத்துப் பார்க்கலாம். உரித்த பழம் இரண்டும் சேர்ந்து சுமார் 225 கிராம். தட்டில் சேர்ந்த பொருள்களின் மொத்த எடையில் அது எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. மேற்பூச்சோ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. தட்டை 24 துண்டாக வெட்டினால், ஒருவர் ஒரு முழு வாழைப்பழம் சாப்பிட்ட கணக்குக்கு வர 12 துண்டு தின்றாக வேண்டும். ‘பழம் சேர்ந்தது, உடம்புக்கு நல்லது’ என்று இதைப் பரிமாறுவோர் சொல்வது இந்தக் கணக்கின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. பழத்தின் பங்களிப்பு சத்தில் இல்லை, சாட்சியில் இருக்கிறது.

மேற்பூச்சில் இரண்டு சம்பிரதாயங்கள் நிலவுகின்றன. முதலாவது கிரீம் சீஸ் மரபு. கிரீம் சீஸை 1870களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் லாரன்ஸ் விற்பனைக்கு உருவாக்கினார். 1880இல் அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயரிட்டனர். அந்த ஊரில் செய்யப்பட்டதல்ல; நல்ல பால்பொருளுக்குப் பேர்போன ஊர் என்பதால் பெயர் மட்டும் இரவல். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் பால்கொழுப்பு குறைந்தது 33 விழுக்காடு இருக்க வேண்டும். ஈரம் 55 விழுக்காட்டை மீறக் கூடாது. இந்த ஈரமே பூசுவோரின் பகை. பூச்சு இளகியிருக்கிறதே என்று மேலும் மேலும் சர்க்கரையைக் கொட்டினால், சர்க்கரை அந்த ஈரத்தில் கரைந்து பாகாகி, பூச்சு இன்னும் இளகும். அப்போது செய்ய வேண்டியது குளிரில் வைத்துவிட்டு, கை கட்டிக்கொண்டு இருப்பது. சாதாரணச் சர்க்கரையும் ஆகாது, நறநறக்கும். கடையில் கிடைக்கும் பொடித்த சர்க்கரையில் கட்டி பிடிக்காமலிருக்கச் சிறிது சோளமாவு கலந்திருக்கும். பூச்சு நிற்பதற்கு அதுவும் ஒரு முட்டு.

இரண்டாவது, சிவந்த வெண்ணெய் மரபு. வெண்ணெயை அடுப்பில் உருக்கி, அதன் நீர் சடசடத்து வற்றியபின் அடியில் தங்கும் பால்துகள் பழுப்பேறும்வரை காய்ச்சி, சர்க்கரையும் சிறிது பாலும் சேர்த்து அடிப்பது. தமிழ் வீடுகளில் வெண்ணெய் உருக்கும்போது நடப்பதும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே நெய்யை வடித்துக்கொண்டு கசண்டைப் பாத்திரத்தில் விடுவார்கள், அது சர்க்கரை தொட்டுச் சிறுவர் வாய்க்குப் போகும்; அங்கே கசண்டோடு சேர்த்தே பூச்சாகிறது. மணம் முழுதும் கசண்டில்தான் என்பதைச் சிறுவர்கள் முன்பே அறிவர். இனிப்பை அறுக்கும் புளிப்பு கிரீம் சீஸில் உண்டு, சிவந்த வெண்ணெயில் இல்லை. அந்தக் குறையை இரண்டு சிட்டிகை உப்பு பெரும்பாலும் ஈடுகட்டும். இரண்டையும் கலந்து பூசுவோரும் உண்டு. அவர்கள் எக்கட்சியினர் என்று கேட்பது வீண்; சாப்பிடும்போது யாரும் கேட்பதில்லை.

வெட்டுவது தனி இயல். 6க்கு 4 என்ற வரிசையில் வெட்டினால் கிடைக்கும் 24 துண்டில் மூலைத்துண்டு 4, விளிம்புத்துண்டு 12, நடுத்துண்டு 8. மூலைக்கு இரண்டு பக்கம் தட்டின் சுவர் பட்டு மொறுமொறுப்பு. நடுவுக்குப் பூச்சு கனம், பக்கங்கள் மெத்து. மூலையை விரும்புவோர் நான்கு பேருக்குமேல் ஒரே வீட்டில் கூடினால் பங்கீட்டில் பூசல் தவிர்க்க முடியாதது. பிறகு கத்தி: ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் நனைத்துத் துடைத்தால் ஓரம் சுத்தமாக விழும். துடைக்கும் துணியைவிட விரலையே நாடுவது பரவலான வழக்கம்.

வைப்பு முறை சுருக்கமானது. கிரீம் சீஸ் பூசியதை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் விடலாகாது. குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும். பூசாத பாரை உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது, ஆனால் இவ்வாய்வின் துணிபுப்படி பூசாதது பார் ஆகாது. அடுக்குவதாயின் இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். டப்பாவின் மூடி தாழ்வாக இருந்தால் பூச்சில் ஒரு பங்கு மூடியில் ஒட்டிக்கொள்ளும். அது எந்தத் துண்டின் கணக்கில் சேரும் என்பதற்கு எழுதிவைத்த விதி இல்லை. டப்பாவை முதலில் திறந்தவருக்கே உரியது என்பது நடைமுறை.